அறையும் மலையும் ஒரே படத்தில்

மார்ச் 3

இல்லை, கோபம் இல்லை. இருந்திருந்தால் போனிலேயே கேட்டிருப்பேன்.

போன் நமக்குச் சரிப்படாது என்று நீயும் ஒப்புக்கொண்டாய். நான் பேசுவது உன் கப்பலுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகிறது. உன் பதில் திரும்பி வர இன்னும் கொஞ்சம். அந்த இடைவெளியில் நான் அடுத்த பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். நீயும். பிறகு "சொல்லு", "இல்ல, நீ சொல்லு". பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை. பின்னால் யாரோ இரைவது மட்டும் கேட்கிறது. அது உன் எஞ்சின் அறை என்பது மூன்றாவது சண்டையின்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கடிதம். உலகத்தில் யார் யாரோ பேசிக்கொள்வதற்காக நீ கடலடிக் கேபிளைத் தூக்கி ஒட்டுகிறாய். உன் மனைவி தபால்தலை வாங்க வரிசையில் நிற்கிறாள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் இறங்கிவிடுவேன் என்றுதான் கிளம்பும்போது சொன்னாய். போன வாரம் அத்தை மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "அவன் செப்டம்பர் வரைக்கும் வர மாட்டானாமே, உனக்குத் தெரியும்ல?" என்றார். "தெரியும் அத்தை" என்றேன். எனக்கு அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அதுவரை தெரியாது. உன் அம்மாவுக்குச் சொல்ல முடிந்தது. எனக்குச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, பார். எழுதி மட்டும் வைக்கிறேன்.

வாடகை ஒப்பந்தம் மே மாதக் கடைசியோடு முடிகிறது. வீட்டுக்காரர் கேட்கிறார், "தொடர்றீங்களாம்மா, விடுறீங்களா?" என்று. உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது கேட்கிறேன். வீட்டை வைத்துக்கொள்ளவா, விடவா?

நான் கேட்பது வெறும் சுவரைப் பற்றி இல்லை என்று உனக்குப் புரியும். ஒருவேளை புரியாத மாதிரி இருந்துவிடுவாய் என்பதால் நேராகவே எழுதுகிறேன்: நீயும் நானும் ஒரே வீட்டில் இருப்பது என்பது இனி உண்டா?

எதிர்மனையில் தூண் எழுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை இடுப்புக்கு மேலே இன்னும் தெரிகிறது.

எனக்கும் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. நீ பதில் எழுதிய பிறகு.


மார்ச் 21

டீச்சருக்கு,

நீ டீச்சர் இல்லை, பேச்சுப் பயிற்சியாளர் என்று நூறு தடவை திருத்திவிட்டாய். ஆனால் வாய் பேச வராதவர்களை உட்கார வைத்து "ஆ சொல்லுங்க, ஊ சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கப்பலில் யாருக்கும் தெரியவில்லை. உன் கடிதம் துறைமுக ஏஜெண்டிடம் ஒரு வாரம் தூங்கிவிட்டு நேற்றுத்தான் என்னிடம் வந்தது. கேபிள் சுற்றி வைத்திருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு தரம் படித்துவிட்டு, நான்கு பேர் பார்க்கிறார்களே என்று சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன்.

வீடு விஷயம் யோசித்து எழுதுகிறேன். கண்டிப்பாக எழுதுகிறேன். இப்போது ஒன்று கேட்கிறேன், செய்வாயா? அந்த மலை மறைவதற்கு முன்னால் அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. மலை மட்டும் வேண்டாம். நம் அறை, ஜன்னல், அதற்கு வெளியே பேருந்து நிலையக் கூரை, குளம், மலை, எல்லாம் சேர்த்து. நான் போனில் எடுத்து வைத்திருக்கும் படங்களில் மலை தெரிந்தால் அறை கரி மாதிரி இருக்கிறது. அறை தெரிந்தால் ஜன்னல் வெள்ளைத் துணி மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்தாலும் இன்னொன்று இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. எங்கள் சமையல்காரர் ஒரு பழைய போட்டோ பத்திரிகை வைத்திருக்கிறார். அதில் போட்டிருக்கிறது. பெயர் ஹெச்.டி.ஆர். வெளிச்சமான இடத்துக்கும் இருட்டான இடத்துக்கும் நடுவில் தூரம் அதிகமாக இருந்தால் கேமராவால் ஒரே தாவலில் தாண்ட முடியாதாம். அதனால் ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்க வேண்டும். இருட்டாக ஒன்று, அளவாக ஒன்று, நல்ல வெளிச்சமாக ஒன்று. மூன்றையும் கணினியில் இருக்கும் அந்தப் படம் சேர்க்கும் மென்பொருளில் போட்டால் ஒவ்வொன்றிலும் நன்றாக வந்திருப்பதை எடுத்து அதுவே ஒரு படமாகக் கோத்துவிடும்.

கேமரா அலமாரி உச்சியில் இருக்கிறது. கிளம்புகிற அன்று அந்த ஜன்னலுக்காக எல்லாவற்றையும் செட் பண்ணினேன். கார் வந்துவிட்டது, எடுக்கவில்லை. அதனால் நீ எதையும் தொடாதே. முக்காலியில் வை, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். முக்கியம்: மூன்று படத்துக்கும் நடுவில் கேமரா துளிகூட அசையக் கூடாது.

நான் இதைச் செய்து பார்த்ததில்லை. இங்கே அசையாமல் நிற்கிற பொருள் எது இருக்கிறது? நேற்று தட்டில் வைத்த முட்டைகூட என்னை விட்டு ஓடியது. சமையல்காரரிடம் இதையெல்லாம் விளக்கிக் கேட்டபோது அவர் சொன்னார், "வீட்டைப் போட்டோ புடிச்சு வரவழைச்சுப் பாக்குறதுக்கு, நேரா வீட்டுக்கே போனா என்ன தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கப்பல்காரன்


ஏப்ரல் 10

எடுத்துவிட்டேன். பிரதி இதனுடன் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்னால் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். முக்காலியை அறையின் பின்சுவரை ஒட்டி வைத்தேன். அசையக் கூடாது என்றாயே, மூன்று காலையும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் தரையோடு ஒட்டினேன். நீ சொன்னபடி கேமராவில் எதையும் தொடவில்லை. பொத்தான் மட்டும்.

முதல் படம் சூரியன் வருவதற்கு முன்னால். இருட்டாக ஒன்று. அறையில் ஜன்னல் சட்டம் மட்டும் தெரிந்தது. மலை ஒரு கோடு. இரண்டாவது காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சமாக ஒன்று. அளவான ஒன்றுக்கு வெயில் தணியும்வரை காத்திருந்தேன். ஒரு படத்துக்கு ஒரு முழுப் பகல் வேண்டும் என்று நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வீட்டில் ஒரு நாள் முழுக்க ஜன்னலோடு நான் இருந்ததில்லை. குளத்தில் காலையில் இருக்கும் நிறம் மதியம் இல்லை. பேருந்து நிலையத்தின் கூரை நடுப்பகலில் கண்ணைக் குத்துகிறது. நான்கு மணிக்கு மலையில் ஒரு பள்ளம் தெரிகிறது. மற்ற நேரத்தில் அந்தப் பள்ளமே இல்லை. நீ பார்த்திருக்கிறாயா? விடுமுறையில் நீ இங்கேதானே நின்றுகொண்டிருப்பாய்.

நடுவில் அத்தை வந்தார். முக்காலியைச் சுற்றி, கிணற்றைச் சுற்றுவது மாதிரி தள்ளியே நடந்தார்.

"தொட்டா ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது அத்தை. அசையக் கூடாது."

"நான் அசையக் கூடாதா, அது அசையக் கூடாதா?"

சாயங்காலம் வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

கணினியில் மூன்றையும் போட்டேன். மென்பொருள் ரொம்ப நேரம் யோசித்தது. வந்த படத்தில் மலைக்கு இரண்டு பக்கமும் வெயில். எதிர்மனையின் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு நிழல், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கிரேன் மூன்று இடத்தில் மூன்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாலையில் பாதிப் பேருந்து. வானம் இதுவரை நான் எங்கும் பார்க்காத நிறம், கத்தரிப்பூவில் கொஞ்சம் செம்பு கலந்த மாதிரி.

அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மீதி பஸ் எங்கடி?" என்றார். பிறகு, "அவனுக்கு அனுப்பாத. ஊருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துக்குவான்."

பிரதி போட்டுக்கொடுத்த கடைக்காரர் இது பெயிண்டிங்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போதெல்லாம் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது.

என்னிடம் ஒரு தையல்காரர் பயிற்சிக்கு வருகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். "அப்புறம்." பேர் என்ன? அப்புறம். வலிக்குதா? அப்புறம். மனைவி பேர் சொல்லுங்க. கண்ணில் நீர் வந்துவிடும், வாயில் அதே சொல்தான் வரும். "யோசித்து எழுதுகிறேன்" என்ற உன் வரியைப் படித்ததும் அவர் நினைவு வந்தது. அவருக்கு மூளையில் அடைப்பு. உனக்கு என்ன?


மே 1

டீச்சருக்கு,

முதலில் சிரித்துவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தபோது சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இது ஒரு நாள் முழுக்க எடுத்த படம்யா" என்றார். நான் ஆமாம் என்றேன். "மூணையும் ஒரே மூச்சுல எடுக்கணும்னு சொல்லலியா நீ?" என்றார். சொல்லவில்லை. "வேகம் மாத்துற திருகு ஒண்ணு இருக்கே, அதையாவது சொன்னியா?" அதையும் சொல்லவில்லை. எதையும் தொடாதே என்று எழுதினேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "தொடக் கூடாதுன்னா அந்தப் பொண்ணு வேற என்ன பண்ணும்? சூரியனைத்தான் திருகணும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேமராவின் மேலே வலது பக்கம் ஒரு திருகு உண்டு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது அதில்தான். குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று, கூட்டி ஒன்று. அடுத்தடுத்து, டக், டக், டக். மூன்றுக்கும் நடுவில் உலகம் நகராத அளவுக்கு வேகமாக. நகர்ந்தால் நகர்ந்தது பேய் மாதிரி பாதி தெரியும். அதனால்தான் அந்தப் பாதிப் பேருந்து.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதில் கேலி இல்லை. நான் இந்தப் படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். இரண்டு நிழல் உள்ள தூண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு படுக்கைக்கு மேலே ஒட்டினேன். நான் இல்லாத ஒரு பகல் முழுக்க அதில் இருக்கிறது. நீ எழுதிய பள்ளம் தெரிகிறது. நான் அதைப் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறேன், பார்த்ததில்லை.

தினம் வேலை முடிந்து வந்து அதைப் பார்ப்பேன். முதலில் மலை. பிறகு குளம். பிறகு மெதுவாக அறைக்குள் வருவேன். கடைசியில்தான் அறைக்குள் வருவேன், ஆசையாக இருப்பதை ஓரத்தில் ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிற மாதிரி. நேற்று சமையல்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி வந்தேன்.

ஜன்னலுக்கு இடது பக்கம் புத்தக அலமாரி. என் புத்தகங்கள் இருக்கும் தட்டுகள். புத்தகங்கள் தெரிகின்றன. புத்தகங்களுக்குள்ளே பின்னால் இருக்கும் சுவரும் தெரிகிறது. கதவுக்குப் பக்கத்தில் கொக்கியில் என் மழைக்கோட்டு பாதி தொங்குகிறது. தரையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதன் மேல் தரையின் கோடுகளும் ஓடுகின்றன.

காலையில் இருந்தது. சாயங்காலம் இல்லை. அதுதானே அர்த்தம்?

நகர்ந்ததுதான் பாதி தெரியும் என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது பேருந்தைத்தான் நினைத்தேன்.

எங்கே போகிறாய்?


மே 13

படத்தை அனுப்புவதற்கு முன்னால் அலமாரியை நான் கவனிக்கவே இல்லை. கிரேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ பதில் எழுதும்வரை உன்னிடம் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்ததை நானே பிரதி போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

சொல்கிறேன்.

வேறு ஊரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. இன்னும் ஒரு சொல்கூட வராத குழந்தைகளுக்கான பிரிவு. போன வருஷமே கூப்பிட்டார்கள். நீ விடுமுறையில் இங்கே இருந்தாய், அதனால் வர முடியாது என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "போ" என்றிருப்பாய், பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மையைக் கேட்க எனக்கு அன்று தெம்பு இல்லை. பிப்ரவரியில் மறுபடி கூப்பிட்டார்கள். மார்ச்சில் உனக்கு எழுதினேன். "யோசித்து எழுதுகிறேன்" வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் கை சும்மா இருந்தது. ஒரு தட்டை மட்டும் காலி செய்து பார்க்கலாம் என்று தொடங்கினேன். பார்க்கத்தான்.

அத்தை வந்தபோது பெட்டி நடுவீட்டில் திறந்து கிடந்தது. கொக்கியிலிருந்து உன் மழைக்கோட்டை எடுத்தார். கையை உள்ளே மடித்து, சட்டை மடிப்பதுபோல மடித்து, புத்தகங்களுக்கு மேல் வைத்தார். "ஈரம் இருக்கான்னு பாத்துட்டேன், இல்ல" என்றார். அவ்வளவுதான். மூன்றாவது படமும் எடுத்த பிறகு பெட்டியை இருவரும் சேர்ந்துதான் உள்ளறைக்கு நகர்த்தினோம்.

உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. திருகு, ஷட்டர், உருப்பெருக்கி. வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று தரம் தேடினேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "சார் என்ன சொன்னாரு?" என்றார். "சாரும் அதான் சொன்னாரு" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன முறையில் எடுத்தேன். திருகைத் தேடிக் கண்டுபிடித்தேன். குறைத்து, நடுவில், கூட்டி. எனக்கே தெரியாமல் மூச்சை நிறுத்தியிருக்கிறேன். கணினி இந்தத் தடவை யோசிக்கவே இல்லை, உடனே கொடுத்துவிட்டது. சுத்தமான படம். ஒரே ஒரு நிழல், ஒரே ஒரு கிரேன். மலையில் ஒவ்வொரு பாறையும் தெரிகிறது. அறையில் சுவரின் ஆணித்துளை தெரிகிறது, மின்விசிறியின் தூசி தெரிகிறது, கட்டி வைத்த பெட்டிகளில் நான் எழுதியிருக்கும் எழுத்துகள் தெரிகின்றன. வெளிச்சத்தில் இருப்பதும் நிழலில் இருப்பதும் ஒரே மாதிரி தெரிகின்றன.

நீ கேட்டது இதுதான். அறையும் மலையும். இதையும் அனுப்புகிறேன்.

ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. ஏன் என்று ரொம்ப நேரம் பார்த்தேன். இதில் எதையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. எதுவும் கூப்பிடவில்லை.

காலையில் எழுந்ததும் உன் பக்கத்துத் தலையணையை எடுத்து நடுவில் வைக்கிறேன். ராத்திரி மறுபடி உன் பக்கம் தள்ளி வைக்கிறேன். பெட்டிகளை எல்லாம் கட்டிவிட்டேன், அதை மட்டும் கட்டவில்லை. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

வீட்டைப் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது. இப்போது வேறு கேள்வி. நான் போகிற ஊருக்கு நீ வருவாயா? வருவேன் என்றால் எழுது. வர மாட்டேன் என்றால் அதை எழுது. யோசித்து எழுதாதே.


மே 26

இதை அம்மாவின் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ கிளம்புவதற்கு முன் கிடைக்க வேண்டும்.

யோசிக்காமல் எழுதுகிறேன், அதனால் சரியாக வராது.

போன விடுமுறையில் வந்து இறங்கினேன். தெருமுனையில் டீக்கடைக்காரர், "எப்ப வந்தீங்க? எப்ப கிளம்புறீங்க?" என்றார். கீழ்வீட்டு அண்ணன் அதையே கேட்டார். முடிவெட்டுகிற இடத்தில், மருந்துக் கடையில், பேங்கில், எல்லோரும் அதே இரண்டு கேள்வி. கப்பல்காரனிடம் அதைத்தான் கேட்பார்கள். நான் வருத்தப்பட்டதில்லை. நாள் எண்ணிப் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

வந்த இரண்டாவது நாள் நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாய். "எப்ப கிளம்புறே?"

நான் தேதி சொன்னேன். நீ சரி என்று போய்விட்டாய். நான் அந்த ஜன்னலில் போய் நின்றேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் அங்கேதான் நின்றேன் என்று நினைக்கிறேன். நீ காலையில் போய் மாலையில் வருவாய். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. துண்டு எங்கே என்று கேட்பேன், நீ வந்து எடுத்துக் கொடுப்பாய், விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும். கப்பலில் எனக்கு எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இருட்டில்கூடத் தெரியும். செப்டம்பர் வரை இருக்கிறாயா என்று கம்பெனியில் கேட்டபோது கையெழுத்துப் போட்டது அதனால்தான். கிளம்பும் தேதியைக் கேட்கிற வீட்டுக்குச் சீக்கிரம் போவானேன் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னது, அவள் திருப்பிக் கேட்க மாட்டாள் என்பதால். உன்னிடம் சொல்ல ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தேன். அந்த இடைவெளியில் நீ வேறு ஏதாவது பேசத் தொடங்கிவிடுவாய், நான் விட்டுவிடுவேன். நிம்மதியாக விட்டுவிடுவேன்.

இரண்டாவது படமும் வந்தது. நீ சொன்னது சரி. நன்றாக இருக்கிறது, மேலே ஒட்டவில்லை.

போ. அந்தக் குழந்தைகளிடம் போ. இதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. நானும் வர வேண்டும் என்று சொல்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் இறங்குவேன். அடுத்த ஒப்பந்தத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போடவில்லை. கேபிள் நிலையத்தில், கரையிலேயே வேலை இருக்கிறது என்கிறார்கள். கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டாலும் இறங்குவேன்.

எங்கே வர வேண்டும் என்று எழுது. நாளை மறுநாள் கிளம்புகிறோம், ஜூலைக் கடைசியில்தான் மறுபடி துறைமுகம். அப்போது ஏஜெண்டிடம் போய்க் கேட்பேன். முகவரி இல்லாமல் கடிதம் இருந்தால், புரிந்துகொள்வேன். அப்போதும் நன்றாக எழுது. உன் கடிதம் எப்படியும் வேண்டும்.


ஜூன் 17

செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது.

எங்கள் பிரிவில் விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நீ கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். அன்றுதான் கடைசி நாள். அதனால் தேதி கேட்டேன். எழுதிக் கொடுத்தேன். தரவில்லை. கிடைக்காத விடுப்பைப் பற்றி உன்னிடம் என்ன சொல்வது என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை அத்தையின் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அத்தை, "என்ன எழுதியிருக்கான்?" என்றார். "எல்லாம் எழுதியிருக்கார்" என்றேன். "அவனா?" என்றார். நம்பவில்லை. கடிதத்தை வாங்கிப் படிக்கவில்லை, எத்தனை பக்கம் என்று மட்டும் எண்ணிப் பார்த்தார்.

புது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வீடு சின்னது. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். மலை இல்லை. ஜன்னலுக்கு நேரே ஒரு பெரிய மரம். அதற்குப் பின்னால் ஓடைக்கரை, ஒரு பள்ளி மைதானம், தூரத்தில் தண்ணீர்த் தொட்டிகள். மைதானத்தில் யாராவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

வந்த மறுநாளே முக்காலியை நிறுத்தினேன். குறைத்து, நடுவில், கூட்டி. சேர்த்துப் பார்த்தால் மரம் மொத்தமும் கலங்கிவிட்டது. இலைகள் ஒரு நொடி நிற்பதில்லை. காற்று இல்லாத நேரம் பார்த்து எடுத்தேன். அப்போதும். நான்கு நாள் முயன்றேன். இந்த ஜன்னலுக்கு அந்த வித்தை பலிக்காது.

டப்பாக்கள் எல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. துண்டுகளும். எது எங்கே இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. இரண்டு டம்ளர், ஒரு பாத்திரம், வேலைக்கு உடுத்தும் துணி, இவைதான் வெளியே. உன் புத்தகப் பெட்டியை உடைக்கவே இல்லை. இப்படியே செப்டம்பர் வரை ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பிரிக்கலியாம்மா? இருப்பீங்களா, போயிருவீங்களா?" என்று கேட்டார். "இருப்போம்" என்றேன். பன்மையில்தான் வந்தது.

இன்று ஒரு பெண் குழந்தை வந்தாள். நான்கு வயது. ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை. போகும்போது கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு அவசரம் இல்லை. வேலையில் எனக்கு எப்போதும் இவ்வளவு பொறுமை உண்டு. உன்னிடம் மட்டும் எங்கே போயிற்று என்று பேருந்தில் வரும்போது நினைத்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரே ஒரு படம். சேர்க்காதது. நடு வேகத்தில், ஒரே தடவை எடுத்தது. மரம் மரமாக இருக்கிறது. மைதானத்தில் ஓடுகிற ஆள் முழுசாக இருக்கிறார். அறை மொத்தமும் கறுப்பு. அதில் ஒன்றும் தெரியாது, உருப்பெருக்கியை வாங்காதே. அறையை நீ வந்து பார்.

முகவரியைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது மாடி, இடது கதவு. அழைப்புமணி வேலை செய்வதில்லை. நீ இறங்குகிற வாரம் எனக்குக் காலை முறையா மாலை முறையா என்று இப்போது தெரியாது. நான் இல்லாத நேரத்தில் வந்தாலும் வெளியே நிற்காதே, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேள்.


கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் வீட்டுக்கு இன்னொரு சாவி செய்யக் கொடுத்தாள்.